தலையைத் தொடும் கை

ஒருவருக்கு நாம் அளிக்கும் மரியாதை அவருக்கு உரியதா, அன்றி அவர் நிற்கும் இடத்துக்கு உரியதா? கேட்பதற்கு எளிய இக்கேள்வி, விடை சொல்வதற்கு அரியது. அறநூல்களைப் புரட்டி இதற்கு விடை தேடுவோர் உண்டு. நானோ இக்கேள்வியைச் சிங்கப்பூரில் ஒரு முடிதிருத்தும் நிலையத்து நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தபொழுது சந்தித்தேன்.

பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த சில ஆண்டுகளில் என் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரலாயிற்று. நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலுள்ள ஒரு நிலையத்துக்குச் சென்றேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, சுவரிலே விலைப்பட்டியல். முடி வெட்டுவதற்கு ஒரு விலை. ‘ட்ரீட்மெண்ட்’, அதாவது சிகிச்சை, என்பதற்கு வேறு விலை. ஜோகூரிலிருந்து நாள்தோறும் பாலங் கடந்து வேலைக்கு வரும் சீன மாது ஒருவர், என் தலையை வெந்நீரில் கழுவி, விரல் நுனிகளால் அழுத்திவிட்டு, களிம்பு தடவி, நீராவி காட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டார். நான் 80 வெள்ளி கொடுத்தேன். கொடுத்ததோடு நில்லாமல் இருமுறை நன்றி கூறி, சற்றே தலைவணங்கி விடைபெற்றேன். முடி உதிர்வது நின்றதா என்று கேட்பீர்களாயின், நிற்கவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

ஏனெனில், என் தலையை முதன்முதலில் திருத்திய கை என் நினைவுக்கு வந்துவிட்டது.

தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், 1970ஆம் ஆண்டுகளில், மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாக ஒரு முதியவர் வருவார். தென்னை மரத்தடியில் என்னை உட்காரவைத்து, என் முகவாயை ஏந்தி, காதருகே கத்தி படாதவாறு அத்தனை கவனத்தோடு வேலை செய்வார். என் பாட்டனார் வயதினர் அவர். எட்டு வயதுச் சிறுவனாகிய நான் அவரை ‘வாடா’ என்றழைத்தேன். அவர் என்னைச் ‘சின்னையா’ என்றார். அறுவடைக் காலத்தில் களத்திலே அளந்து போடும் நெல்லே அவருக்குக் கூலி. எங்கள் திண்ணையில் அவர் அமர்ந்து நான் கண்டதில்லை. அவர் கை பட்டபின் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையலாகாது என்பது என் தாயார் விதித்த சட்டம். ஒட்டிய மயிரைக் கழுவவே அக்குளியல் என்று சிலர் சமாதானம் கூறுவர். இருக்கட்டும். மயிரைக் கழுவக் குளித்தோம். ‘வாடா’ என்றழைத்தது எந்த அழுக்கைக் கழுவுவதற்கு?

அதே தலை, அதே தொழில். அங்கே தீட்டு, இங்கே சிகிச்சை. மாறியது என்ன?

தொழிலே இழிந்தது என்போர் வரலாற்றைச் சற்று நோக்குவாராக. தமிழகத்தில் இத்தொழிலாளருக்கு ‘மருத்துவர்’ என்ற பெயர் வழங்குவதை யாவரும் அறிவர். அது வெறும் புகழ்ச்சியன்று. கட்டியைக் கீறியவர்களும், புண்ணுக்கு மருந்திட்டவர்களும் அவர்களே; ஊரின் பிள்ளைகளைப் பேறு பார்த்துக் கையில் ஏந்தியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்டிரே. மேனாட்டிலும் நிலைமை இதுவே. இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டில் முடிதிருத்துவோரும் அறுவை வைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். அந்நாட்டு அறுவை வைத்தியர்கள் இன்றும் ‘டாக்டர்’ என்னாது ‘மிஸ்டர்’ என்று அழைக்கப்படுவது அப்பழைய உறவின் எச்சமே. அங்கே கத்தி, அதைப் பயின்றவனுக்கு உரியதாயிற்று. நம்மிடையே அது, அக்குடியிற் பிறந்தவனுக்கு விதிக்கப்பட்டதாயிற்று. மருத்துவத்தை அவர்களிடமிருந்து பிறர் எடுத்துக்கொண்டனர். பெயரையும் இழிவையும் மட்டும் அவர்களிடமே விட்டுவைத்தனர்.

இன்னுமொரு கொடுமையையும் மறைத்தல் நேர்மையாகாது. அம்முதியவர் சேரி மக்களின் தலையைத் தொடக்கூடாதென்பது ஊர்க் கட்டுப்பாடு. தொட்டால் எங்கள் வீடுகளின் நெல் அவருக்கு இல்லை. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், ‘கடை’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில் சலவைக் கடையையும் முடிதிருத்தும் கடையையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவ்வாறு சொல்ல வேண்டிய அவசியம் இருந்தது. தாழ்த்தப்பட்டவனைக் கொண்டே மற்றொருவனைத் தாழ்த்துவதன்றோ ஜாதியின் தந்திரம்!

நிற்க. அயல்நாட்டில் நான் காட்டிய பணிவை என் நற்குணமென்று மெச்சிக்கொள்ளலாமா? அம்மாதின் குலம் எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வழியுமில்லை. கண்ணாடிக் கதவும் விலைப்பட்டியலும் என்னைக் கைகட்டி நிற்கச் செய்தன, அவ்வளவே. இதே நகரில், சிராங்கூன் சாலைப் பக்கத்தில், நம் ஊரிலிருந்து வந்த இளைஞன் முடிவெட்டும்போது நாற்காலியிலிருந்து எழும் கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். “தம்பிக்கு எந்த ஊர்? ஊரிலே எந்தத் தெரு?” அந்த இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்பதைக் கேட்பவரும் அறிவார், கேட்கப்படுபவனும் அறிவான். ஆகவே, கடல் கடந்ததால் மனம் கடந்துவிட்டதென்று எண்ணுவது மயக்கம். கப்பலும் விமானமும் ஜாதியையும் மூட்டையோடு சேர்த்தே ஏற்றி வந்தன.

சென்ற முறை ஊருக்குச் சென்றிருந்தபொழுது அம்முதியவரைத் தேடினேன். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேருந்து நிறுத்தத்தருகே அவர் மகன் இரண்டு நாற்காலிகளுடன் கடை நடத்துகிறார், என்னைவிட மூத்தவர். உள்ளே சென்று, கைகூப்பி, “வணக்கம் அண்ணே, நலமாக இருக்கிறீர்களா?” என்றேன். அவர் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது. கடையிலிருந்தோரைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார். “சின்னையா, என்னைக் கேலி செய்கிறீர்களா?” என்றார்.

கேலியல்ல என்று நான் சொன்னேன். அவர் நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. முடி வெட்டி முடிந்ததும் நான் நீட்டிய பணத்தில், பட்டியலில் கண்ட தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

அன்பர்களே, மரியாதை இடத்துக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. அதை இத்தனை தலைமுறைகளாகக் கொடாமல் வைத்திருந்ததால், கொடுக்கும்போது அது கேலியாகவே ஒலிக்கிறது. அக்குற்றம் கேட்ட செவியினுடையதன்று, கொடாதிருந்த நாவினுடையது. ஒரு வணக்கத்தில் இக்கடன் தீராது. அவர் சந்தேகம் தீரும்வரை, ஒவ்வொரு முறையும், அதே கடைக்குச் சென்று, அதே வணக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதே என்னாலான வழி. நீங்களும் நாளை உங்கள் தலையை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, அவரை எப்படி அழைக்கிறீர்கள் என்பதை உங்கள் செவியாலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.