மைனஸ் ஒன்று

பேரையூரில் என் மாமா டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிவந்த ஒரு டிவி கேம் கடையில் கிடந்தது. கீபோர்டு மாதிரி ஒன்றும் அதோடு சேர்ந்து வந்திருந்தது. பழுது சரியானதா என்று பார்க்க அவர் ஒவ்வொரு டிவியிலும் அதைச் சொருகி மரியோ ஓடவிடுவார். அந்தச் சோதனையைச் செய்து கொடுக்கும் ஊழியன் நான்.

ஒருநாள் திரையில் 'உலகம் -1' என்று வந்தது. 1-2இன் முடிவில் குழாய் மேல் நின்று, குனிந்தபடி பின்பக்கமாகத் தாவினால் மரியோ செங்கல் சுவருக்குள் நுழைந்துவிடுவான். சுவரைத் தாண்டிய அறையில் முதல் குழாய்க்குள் இறங்கினால் முடிவே இல்லாத ஒரு தண்ணீர் உலகம். நீந்தி முடித்தால் மறுபடியும் ஆரம்பத்திலேயே கொண்டுவந்து விடும். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. டிவி கேமைத் திருப்பி, ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"இல்லாததக் காட்டுதுன்னா உள்ள எங்கயோ சால்டர் விட்டிருக்கும்டா."

சால்டர் எதுவும் விட்டிருக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியவந்தது பொறியியல் படிக்கும்போது. திரை போதுமான அளவு நகர்வதற்கு முன்பே அந்த அறைக்குள் போய்விட்டால், குழாய் எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற விவரம் இன்னும் மாற்றப்பட்டிருக்காது. வேறொரு அறைக்கான விவரம்தான் அங்கே இருக்கும். அதில் முதல் குழாய்க்கு எழுதியிருப்பது 'வெற்றிடம்', அதாவது அங்கே குழாயே கிடையாது என்று பொருள். வெற்றிடப் படத்தின் எண் 36. நிரல் அதை உலகத்தின் எண்ணாக எடுத்துக்கொண்டு 36ஆவது உலகத்துக்கு அனுப்புகிறது. 36ஐத் திரையில் எழுதினால் வெற்றிடம் வரும், அதன் பின்னால் '-1' நிற்கும். மைனஸ் என்று நாங்கள் நினைத்தது வெறும் இணைப்புக்கோடு. 1985இல் அதை எழுதியவர்கள் யாரும் இப்படி ஒரு உலகத்தை உருவாக்கவில்லை. ஆனால் உலகமெங்கும் பிள்ளைகள் அதில் நீந்தினார்கள்.

யாரும் செய்யச் சொல்லாத ஒன்றை ஒரு இயந்திரம் செய்கிறது. ஒருவர் அதைக் கண்டுபிடித்து, அதை நம்பித் தன் வேலையை நடத்துகிறார். பிறகு இயந்திரத்தைச் செய்தவர் வந்து 'அது பிழை' என்று சொல்லிச் சரிசெய்கிறார். இதில் யாருக்காவது அநீதி நடந்திருக்கிறதா? சில வருடங்களாக என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி இது. எனக்கு ஏன் தொந்தரவு என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அந்த டிவி கேமுக்குள் இருந்தது 6502 குடும்பத்துச் சிப். 1975இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்த 6502தான் ஆப்பிள் 2, கொமடோர், பி.பி.சி. மைக்ரோ என்று ஒரு தலைமுறை வீட்டுக் கணினிகளைத் தூக்கி நிறுத்தியது. அதற்குக் கொடுக்கக்கூடிய கட்டளை எண்கள் 256. கையேட்டில் எழுதியிருந்தது 151. மிச்சத்தைக் கொடுத்தால்? சில எண்களுக்குச் சிப் அப்படியே உறைந்துவிடும். சில எண்கள் மட்டும் இரண்டு கட்டளைகளின் கம்பிகள் ஒன்றாக உயிர்பெற்ற மாதிரி, ஒரே வீச்சில் இரண்டு வேலையைச் செய்துமுடிக்கும். நினைவகமும் வேகமும் குறைவான அந்தக் கணினிகளில் அது பெரிய லாபம். ஆட்கள் அதை வைத்து நிரல் எழுதினார்கள். பின்னால் 65சி02 வந்தபோது அந்த எண்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள், அல்லது ஒன்றும் செய்யாத கட்டளைகளாக ஆக்கினார்கள். பழைய தந்திரம் புதிய சிப்பில் செத்துப்போனது.

பி.பி.சி. மைக்ரோ நம் ஊருக்கும் வந்த கணினி. 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் முதல்கட்டமாக 250 பள்ளிகளுக்கு அதைத்தான் கொடுத்தது. மாமா தலைமுறையில் நல்ல பள்ளியில் படித்த யாராவது ஒருவர் 'நாங்க பி.பி.சி.ல பேசிக் அடிச்சோம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் கையேடு ஒரு கண்டிப்பான வாத்தியார். திரை நினைவகத்தில் நேராகக் கை வைக்காதே, இயக்க அமைப்பிடம் கேட்டுச் செய், இல்லையென்றால் இரண்டாவது பிராசஸர் மாட்டும்போது உன் நிரல் ஓடாது என்று எச்சரிக்கும். சரியான அறிவுரைதான். அதே 1984இல் வந்த எலைட் விளையாட்டு அதைக் காதிலேயே வாங்கவில்லை. இயன் பெல், டேவிட் பிரேபன் என்ற இரண்டு மாணவர்கள், திரை மேலிருந்து கீழே வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவழியில் அதன் முறையை மாற்றினார்கள். மேல்பகுதி நுணுக்கமான கறுப்பு வெள்ளை, கீழ்ப்பகுதி நான்கு நிறம். இப்படி ஒரு திரை கையேட்டில் கிடையாது. கையேட்டுக்கு முழுதாகக் கீழ்ப்படிந்திருந்தால் எலைட் இல்லை. அதனால் தந்திரக்காரர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது கொமடோர் 64இன் கதை. 1982இல் வந்த அந்தக் கணினியின் ஒலிச் சிப் 6581, பாப் யான்னஸ் வடிவமைத்தது. அதில் ஒரு குறை: ஒலியளவை மாற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். குறைதான், சந்தேகமே இல்லை. யாரோ அந்த 'டக்'கை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை, வெவ்வேறு அளவில் வரவைத்துப் பார்த்தார்கள். கணினி பேசியது! மனிதக் குரல், டிரம்ஸ், எல்லாம் வந்தது. பிறகு நிறுவனம் சிப்பைச் செம்மைப்படுத்தி 8580 என்று வெளியிட்டது. சத்தம் சுத்தமானது, 'டக்' போனது. அதோடு பழைய விளையாட்டுகளின் குரல்களும் காதில் விழாத அளவுக்குத் தேய்ந்துபோயின. ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிய சிப்போடு ஒரு ரெசிஸ்டரைச் சால்டர் செய்து அந்தக் குறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாமா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இனி என் கதை.

சில வருடங்களுக்கு முன் சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் மென்பொருளில் பொருளின் எண்ணிக்கையாக மைனஸ் எண்ணையும் அடிக்க முடியும். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, தடுக்க மறந்திருந்தார்கள். ஒரு கடையில் வேலைபார்த்த பையன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போனதும் பில்லில் ஒரு மைனஸ் வரியைச் சேர்த்து, அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். முதலாளி புகார் செய்தார். வேலை என்னிடம் வந்தது. எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரே ஒரு வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதினேன், ஞாயிறு இரவு எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, தே.கல்லுப்பட்டி ரோட்டில் கடை வைத்திருக்கும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மென்பொருளை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"தம்பி, காலி பாட்டில எப்படிக் கழிக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. காட்டினார். சோடா, கலர் பாட்டில்களுக்கு டெபாசிட் வாங்குவார். பாட்டில் திரும்பி வந்தால் 'பாட்டில்' என்று போட்டு மைனஸ் ஒன்று அடிப்பார், டெபாசிட் கழிந்துவிடும். மூன்று வருடமாக இப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அது வேலை செய்யவில்லை. கூட்ட நேரத்தில் கையிலிருந்து காசைத் திருப்பிக் கொடுத்து, எழுதி வைக்க மறந்து, வண்டி வந்தபோது கணக்கு இடித்து, இரண்டாயிரத்துச் சொச்சம் கைநஷ்டம்.

"அது தப்பான வழிக்கா, அப்படி அடிக்கவே கூடாது" என்றேன்.

"அப்போ மூணு வருசமா ஏன் விட்டுச்சு?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். நாங்கள் அவருக்கு அப்படி ஒரு வசதியைத் தருவதாகச் சொல்லவே இல்லை. சொல்லாததை எடுத்ததில் என்ன தவறு? மேலும், திருட்டைத் தடுக்க வேண்டியிருந்தது. அந்த முதலாளியின் நஷ்டமும் நஷ்டம்தானே.

1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தின் வழியாக இருபது வருடம் ஒருவர் சண்டையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், இடைவெளியில்லாமல், உரிமையோடு நடந்து போயிருந்தால், அந்தப் பாதை அவருக்கு உரிமையாகிறது. நிலத்துக்காரர் வாக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறு இல்லாத கிராமம் எது? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சட்டத்தைப் படிக்காமலே இதைப் பேசுவார்கள்: 'நடந்தப்ப பாத்துக்கிட்டுத்தான இருந்தான்?' என்பார்கள்.

சட்டம் மென்பொருளுக்குப் பொருந்தாது என்று தெரியும். ஆனால் அந்த 'பாத்துக்கிட்டுத்தான' என்ற சொல் என்னை விடவில்லை. பெங்களூருக்குத் திரும்பியதும் பழைய பில் பதிவுகளைத் திறந்தேன். மைனஸ் வரிகளை மட்டும் பிரித்தேன். அந்தப் பையனுடையவை அறுபதோ எழுபதோ இருக்கும். மிச்சம் ஆயிரக்கணக்கில். பாட்டில், முட்டை அட்டை, பால் கவர் திரும்பியது, கேஸ் சிலிண்டர். பட்டப்பகலில், பொருளின் பெயரோடு, வாடிக்கையாளர் நிற்கும்போதே அடித்தவை. பையன் அடித்ததெல்லாம் பில் முடிந்து சில நிமிடம் கழித்து. பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நான் வெள்ளிக்கிழமை செலவழித்திருந்தால், முடிந்த பில்லில் மட்டும் மைனஸைத் தடுத்திருப்பேன். திருட்டும் நின்றிருக்கும், அக்காவின் பாதையும் இருந்திருக்கும்.

பிழையைச் சரிசெய்யவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 8580ஐச் செய்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் புதிய பொருளை விற்றார்கள், பழைய கணினி வைத்திருந்தவர் வீட்டுக்குள் ராத்திரியில் புகுந்து சிப்பை மாற்றவில்லை. நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான். வாக்குக் கொடுத்தேனா இல்லையா என்பதிலேயே நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் மூன்று வருடம் நடந்த ஆளை நான் பார்க்காமல் இருந்தது என் குற்றமில்லை என்று எப்படிச் சொல்வது? பார்ப்பதற்கான பதிவு என் கையிலேயே இருந்தது.

அடுத்த வெளியீட்டில் 'திரும்பி வந்தது' என்று ஒரு பட்டன் வைத்தோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்காவின் கடைக்குப் போனேன். இரண்டாயிரத்தை நீட்டினேன், வாங்கவில்லை. பட்டனைக் காட்டினேன். பார்த்தார், நல்லா இருக்கு என்றார். அப்போது ஒரு சிறுவன் இரண்டு காலி பாட்டில் கொண்டுவந்து வைத்தான். அக்கா கல்லாவுக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து இரண்டு கோடு போட்டார்.

"பட்டன்லயே போடலாம்லக்கா?"

"இருக்கட்டும் தம்பி. அதையும் என்னிக்கு எடுப்பீங்களோ."