தன் கன்னமும் பிறர் கன்னமும்

படப்பை வழியாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ்களில் ஏறுகிறவர்கள் பல ஊர்க்காரர்கள். அவர்களில் பலருக்கும் பழகிப்போன ஒன்று உண்டு. லைனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதும் வேலையைப் பற்றித் தொடங்கும் பேச்சு, இரண்டாவது வாக்கியத்தில் ஆளைப் பற்றியும் மூன்றாவதில் அவனைப் பெற்றவர்களைப் பற்றியும் ஆகிவிடும். பிழையைச் சுட்டினால் திருத்திக்கொள்ளலாம். ஆளையே சிறுமைப்படுத்தினால் எதைத் திருத்துவது? குட்டக் குட்டக் குனிபவனும் முட்டாள் என்கிறது நம் பழமொழி. ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறது மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு. கிறிஸ்தவனாக இருந்து இந்த வட்டாரத்தில் காலம் தள்ளுகிறவன் எதைக் கேட்பது? இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது என் எண்ணம். அறை விழுந்தது யார் கன்னத்தில் என்று கேட்க மறப்பதால்தான் அவை முரண்போலத் தெரிகின்றன.

அந்தக் கேள்விக்கு ஸ்ரீபெரும்புதூரைவிடக் கடுமையான சோதனைக்களம் இல்லை. 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் நளினிக்கு விதிக்கப்பட்ட தூக்குத்தண்டனையைக் குறைக்கும்படி ராஜீவின் மனைவி சோனியா காந்தியே கேட்டுக்கொண்டார். 2000இல் அது ஆயுள்தண்டனை ஆயிற்று. 2008 மார்ச்சில் மகள் பிரியங்கா வேலூர் சிறைக்குப் போய் நளினியைச் சந்தித்தார். தானும் தங்கையும் கொலையாளிகளை முழுமையாக மன்னித்துவிட்டதாக மகன் ராகுல் 2018இல் சொன்னார். எந்த மதத்தின் பெயரால் செய்தார்கள் என்பது இருக்கட்டும். நற்செய்தி கேட்பது இதைத்தான். ஆனால் அன்றிரவு இறந்தவர் ராஜீவ் மட்டும் இல்லை. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸாரும் கட்சித் தொண்டர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் அதே குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் குடும்பத்தாரில் சிலர், குற்றவாளிகளை விடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2022 நவம்பரில், சிறையில் மிச்சமிருந்த ஆறு பேரையும் விடுவித்தது நீதிமன்றத்தின் முடிவு. மன்னிப்பு என்பது வேறு. ராகுல் தனக்கு நேர்ந்த இழப்பை மன்னிக்கலாம். பணியில் இறந்த காவலரின் பிள்ளைக்காக அவர் மன்னிக்க முடியாது. அந்தப் பிள்ளை மன்னிக்க மறுத்தால், கல்நெஞ்சம் என்று சொல்ல மற்றவருக்கு உரிமையும் இல்லை. கடனைத் தள்ளுபடி செய்யக் கடன் கொடுத்தவரால் மட்டுமே முடியும்.

நற்செய்திகளைக் கூர்ந்து படித்தால் அங்கேயும் இந்த எல்லைக்கோடு தெரிகிறது. தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக இயேசு வேண்டிக்கொள்கிறார். அதே இயேசு, மக்கள் வழிபட வந்த ஆலயம் சந்தையாகியிருந்ததைக் கண்டு காசு மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்த்துப்போட்டார். தமக்கு நேர்ந்ததிலும் அவர் எப்போதும் வாய்மூடி நின்றார் என்று சொல்ல முடியாது. யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முன் விசாரணை நடக்கும்போது காவலன் ஒருவன் அவரை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. மறு கன்னத்தை நீட்டவும் இல்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் எடுத்துக்காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்கிறார். மலைப்பொழிவுக்கு அவரே தந்த உரை அந்தக் கேள்வி. அடித்தவனும் காரணம் சொல்லத் தெரிந்த மனிதன்தான் என்று அது மதிக்கிறது. வசைக்கு வசை தருகிறவன் எதிராளி போட்ட மெட்டுக்குப் பாடுகிறான். நிதானமாகக் கேள்வி கேட்கிறவன் மெட்டை மாற்றுகிறான். "வேலையில என்ன தப்புன்னு சொல்லுங்க சார், சரி பண்றேன்; வீட்டை இழுக்காதீங்க" என்று குரல் உயராமல் சொல்வதில் கோழைத்தனமும் இல்லை, பழியும் இல்லை.

இதெல்லாம் மன்னிப்பா, வெறும் மரியாதைப் பேச்சா என்று கேட்கலாம். கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பார்ப்போம். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளர்களிடையே பணிசெய்த அவர் கணவர் கிரஹாமும், மகன்கள் பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமோத்தியும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் அறிவித்தார். மகள் எஸ்தருடன் அங்கேயே சில ஆண்டுகள் தங்கி அந்தப் பணியைத் தொடர்ந்தார். 2005இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அவர் சொன்னதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. வழக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள்தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டிப்பது சட்டத்தின் வேலை, வெறுக்காமல் இருப்பது தன் வேலை என்று அவர் பிரித்துக்கொண்டார். வெறுப்பைச் சுமந்துகொண்டு அந்த நோயாளிகள் நடுவே அவரால் எத்தனை நாள் நின்றிருக்க முடியும்?

எளியவர்களிடம் மன்னிப்பைப் போதிப்பது வலியவர்களுக்கு வசதி என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். 2021 டிசம்பரில் இதே வட்டாரத்தின் பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். விடுதி நிலைமை வெளியே வந்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி இயங்கியது. அந்தப் பெண்களிடம் போய் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருந்தால் அது பக்தியாக இருந்திருக்காது. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளின் கன்னத்திலும், அடுத்த மாதம் வேலைக்கு வரப்போகிறவளின் கன்னத்திலும் விழுந்த அறை அது. பழமொழிக்கு உரிய இடம் இதுதான். கான்ட்ராக்ட் போய்விடுமோ என்று வாயைக் கட்டிக்கொள்வதற்கும் மன்னிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. அது பயம், பயப்படுவதற்கு நியாயமும் இருக்கலாம். திருப்பிக் கொடுக்க வழியிருந்தும் கொடுக்காமல் விடுவதுதான் மன்னிப்பு.

உள்ளே எரியும்போது வெளியே இனிமையாகப் பேசுவது வேஷம் என்பாரும் உண்டு. எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று பேதுரு கேட்டபோது, எழுபது தடவை ஏழு முறை என்று பதில் வந்தது. ஒரு தடவை மன்னித்ததும் மனம் ஆறிவிடும் என்றால் அவ்வளவு பெரிய கணக்கு எதற்கு? அவமானம் நினைவுக்கு வரும்போதெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது. மனம் ஆறிய பிறகுதான் நல்ல வார்த்தை பேசுவேன் என்றால் அந்த நாள் வராமலே போகலாம். ஆகவே வேஷம் என்ற பழியை ஏற்றுக்கொண்டாவது பேசத் தொடங்குவது நல்லது. நம்மில் பலர் செய்வது இதற்குத் தலைகீழ். தன்னை ஒருவர் ஒரு சொல் சொன்னால் ஆறு மாதம் முகம் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரை யாராவது மிதிக்கும்போதுதான், போகட்டும் விடு என்று பெருந்தன்மை பொங்கிவருகிறது. தன் கன்னத்தில் விழுந்ததைத்தான் விடச் சொன்னார்கள்.