சக்தியும் தடையும்

ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு மின்சார சைக்கிளில் செல்லும் ஒரு தொழிலாளி, நின்ற நிலையில் 42 வோல்ட் காட்டி நிறைந்திருக்கும் தம் 36 வோல்ட் பேட்டரி, மேட்டில் ஏறுகையில் மட்டும் துவண்டுவிடுவதைக் கண்டு திகைப்பாராயின், அறியாமலே இந்தியத் தத்துவப் பள்ளிகள் இரண்டிடையே நிகழ்ந்த பழைய தர்க்கமொன்றினுள் நுழைந்தவராகிறார். சுடுவதைத் தடுக்கும் மணிக்கல்லொன்றின் சந்நிதியில் நெருப்புச் சுடாதிருக்குமெனில், நெருப்பு மாறாமலிருக்க அகன்றது எதுவோ அதுவே சக்தி என்னும் தனிப் பதார்த்தம் என்றனர் மீமாம்சகர். தடையின்மையும் காரணத்தின் ஓர் அங்கமே, கண்காணாச் சக்தி வேண்டா என்றனர் நையாயிகர். மெக்கானிக் நையாயிகர் கட்சிதான்: மோட்டார் இழுக்கும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார், களிம்பேறிய கனெக்டரைச் சுரண்டுகிறார் (பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்), பின்னும் வோல்ட் சரிந்தால், தொடராய்க் கோத்த பத்துச் செல் வரிசைகளில் நலிந்த ஒன்றைத் தேடுகிறார். ஆயினும் முதுமையால் செல்லுக்குள்ளேயே வளர்ந்த உள்தடையை, மணியைப்போல் எடுத்து அப்புறம் வைக்க இயலாதாகையால், செல்லின் சக்தியே குன்றியதாகத் தோன்றும் அவ்விடத்தில் மீமாம்சகரின் வாதத்துக்கும் சற்றுச் செவிசாய்க்க வேண்டியிருக்கிறது.