விளக்கிட்டவர் யார்?

அந்திப் பொழுதில் பூஜை அறை விளக்கு தானாகவே எரியும்படி செய்வது, மின்னணுக் கருவிகளில் பொழுதுபோக்காக ஈடுபடுகிறவர்களுக்கு இன்று அரிய காரியமன்று. ஈஎஸ்பி என்னும் சிறிய கணினிப் பலகை ஒன்றும், அதனோடு இணைத்த, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலேயும், 2013இல் தோன்றிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருளும் போதும். ஊரின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொண்டு அம்மென்பொருளே நாள்தோறும் அஸ்தமன நேரத்தைக் கணித்துவிட, சென்னையில் ஆனி மாதமானால் ஆறரைக்குப் பின்னும், கார்த்திகையானால் ஆறு மணிக்கு முன்னும், 'டக்' என்னும் மெல்லிய ஓசையோடு ரிலே மூடிக்கொள்ள, சுவாமி படத்தின் முன் ஒளி பரவுகிறது. இதனை என் கையாலேயே அமைத்து ஆனந்தித்தவன் நான். ஆயினும், வீட்டில் ஒருவரும் இல்லாத அந்தியில் எரிந்த அவ்விளக்கை இட்டவர் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

யூதர்களிடம் இக்கேள்விக்கு நெடிய விசாரம் உண்டு. சப்பாத் என்னும் ஓய்வுநாளில் 39 வகை வேலைகள் அவர்களுக்கு விலக்கப்பட்டவை. நெருப்பு மூட்டுதல் அவற்றுள் ஒன்று. ஆகவே வெள்ளிக்கிழமை அஸ்தமனத்திற்கு முன்பே நேரக் கருவியை அமைத்துவிடுவது அங்கே வழக்கமாயிற்று. அவர்களுடைய சமயச் சட்ட அறிஞரான ரப்பி மோசே ஃபைன்ஸ்டைன் விளக்குக்கு மட்டும் இசைந்து, மற்ற வேலைகளையும் கருவியிடம் விட்டால் தொழிற்சாலைகளே அந்நாளில் ஓடத் தொடங்கி ஓய்வுநாளின் மகிமை குலையும் என்று மறுத்தார். கருதத்தக்க மறுப்பு அது. ஆயினும், செய்யாதே என்பது கட்டளையாகும் இடத்தில், மனிதன் கையை விலக்கிக்கொள்ளக் கருவி உதவத்தான் செய்கிறது.

நம்முடைய திருவிளக்குத் தொண்டோ, செய் என்று அழைப்பது. திருவொற்றியூர்ச் சிவனடியாரான கலிய நாயனார் செல்வமெல்லாம் தீர்ந்தபின் கூலிக்குச் செக்காட்டி எண்ணெய் பெற்றார். அதுவும் இயலாத நாளில் தம் குருதியையே அகலில் வார்க்கத் துணிந்து கழுத்தை அரியத் தொடங்கினார். மற்றொரு சிவனடியாரான கணம்புல்லர், விற்க அறுத்து வந்த புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே திரித்து எரித்து, அது போதாமல் தம் தலைமுடியையும் எரித்தார். சந்நிதியில் ஒளி இருந்தால் போதும் என்பது அவர்கள் கருத்தாயிருந்தால், அண்டை வீட்டார் ஏற்றிய விளக்கே அவர்களுக்கு அமைதி தந்திருக்கும்.

மறைக்காட்டுச் சிவன் கோயில் எலியை இதற்கு மாறாக எடுத்துக்காட்டலாம். நெய் உண்ண வந்த எலி, தன்னையறியாமலே திரியைத் தூண்டி, மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தியாயிற்று என்கிறது புராணம். சங்கல்பம் இல்லாத செயலுக்கே பலன் உண்டெனில், ரிலேயை அமைத்தவனுக்கு மட்டும் ஏன் இல்லை? வலிய வாதமே இது. ஆனால் அந்த எலி அங்கே இருந்தது. அதன் மூக்கே சுடரில் பட்டது. நானோ அவ்வேளையில் அலுவலகத்தில் இருந்தேன்.

படுக்கையைவிட்டு எழ இயலாத முதியவர் ஒருவர், அந்தியில் விளக்கெரியக் கண்டு கைகூப்புவாரானால், அங்கே அந்த ரிலே அவருடைய கையே என்று தயங்காமல் சொல்வேன். எனக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. வாசல் விளக்கையும் தொட்டி மோட்டாரையும் கருவியிடமே விட்டுவிட்டு, பூஜை அறைக்குச் செல்லும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டேன். இப்போது மென்பொருள் அஸ்தமனத்திற்குக் கால் மணி முன்பு கைப்பேசியில் மணியடிக்கிறது. வீட்டில் இருப்பவர் எவரோ, அவரே எண்ணெய் வார்த்துத் திரி தூண்டுகிறார்.