கிருபையும் அடுக்களையும்

மீட்பு என்பது இறைவனின் கிருபையால் மட்டுமே வருவதென்றால், மனிதர் அன்றாடம் செய்யும் வேலைகளுக்கு ஆன்மிக மதிப்பு ஏதேனும் உண்டா என்ற பழைய கேள்வி, சமையலையும் தையலையும் குழந்தை வளர்ப்பையும் ஒழுங்குபட்ட அறிவாகக் கற்பிக்கும் மனையியலின் பிறப்பில் ஆழமாகக் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவரான கேத்தரின் பீச்சர் (1800–1878), இறையியல் வழியாகவே அடுக்களைக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய தந்தை லைமன் பீச்சர் கால்வினிய மரபில் வந்த புகழ்பெற்ற போதகர். மனிதர் பாவ இயல்போடு பிறக்கின்றனர் என்பதும், யார் மீட்கப்படுவர் என்பதை இறைவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறிப்புக் கொள்கையும், உள்ளம் உடைந்து முற்றிலும் மாறும் மனந்திரும்புதல் அனுபவமே மீட்புக்கு அடையாளம் என்பதும் அம்மரபின் தூண்கள். கேத்தரினுக்கு மணம் நிச்சயிக்கப்பட்டிருந்த யேல் கல்லூரிப் பேராசிரியர் அலெக்சாண்டர் ஃபிஷர், 1822இல் அயர்லாந்துக் கரையருகே ஆல்பியன் என்ற கப்பல் உடைந்தபோது உயிரிழந்தார். பழிசொல்ல இடமில்லாத வாழ்க்கை வாழ்ந்த அவருக்கு மனந்திரும்புதல் அனுபவம் வாய்க்கவில்லை என்பதால், அவருடைய ஆன்மா கரைசேர்ந்தது என்று உறுதி சொல்ல அந்த மரபால் இயலவில்லை. எவ்வளவோ முயன்றும் தமக்கும் அந்த அனுபவம் கிட்டாத கேத்தரின், நல்லவர் ஒருவரை இவ்வாறு கைவிடும் நீதியை ஏற்க மறுத்தார். மகளின் துயரம் தந்தையின் கோட்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்திய இந்த இடத்தில்தான் மனையியலின் விதை விழுந்தது.

கிருபையின் வருகைக்காகக் காத்திருப்பதைக் காட்டிலும், பயிற்சியாலும் பழக்கத்தாலும் மனத்தை நன்மையை நோக்கித் திருப்புவதே மனிதரின் கடமை என்ற முடிவுக்கு அவர் படிப்படியாக வந்தார். அறப்பண்பு பழக்கத்தால் உருவாவதென்றால், பழக்கங்கள் உருவாகும் வீடே அறத்தின் முதற்பள்ளியாகிறது; அதை நடத்துபவரின் பணி போதகரின் பணிக்கு ஈடாகிறது. 1823இல் ஹார்ட்ஃபோர்டில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய அவர், 1841இல் வெளியிட்ட இல்லப் பொருளியல் நூலில் உடற்கூறு, காற்றோட்டம், துணி வெளுத்தல், குழந்தைப் பேணல் ஆகிய அனைத்தையும் காரணகாரியத்தோடு விளக்கினார். பிறர் நலனுக்காகத் தன்னலம் துறப்பதே சமயத்தின் சாரம் என்று கொண்ட அவருக்கு, குடும்பம் விண்ணரசின் மண்ணுலக வடிவமாகத் தோன்றியது.

இக்கொள்கை பலகையிலும் ஆணியிலும் எவ்வாறு உருக்கொண்டது என்பதை, அவரும் அவருடைய தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் வெளியிட்ட இல்ல நூல் காட்டுகிறது. நீராவிக் கப்பலின் சமையற்காரர் ஓரிரு அடிகளிலேயே எல்லாப் பொருள்களையும் எட்டுவதை முன்மாதிரியாகக் கொண்டு அதில் ஓர் அடுக்களை வரையப்பட்டிருக்கிறது. மாவுப் பீப்பாய் பணிமேடைக்கு அடியில் அதற்கென அளவெடுத்த அறையில் நிற்கிறது. அருகில் உள்ள பலகையின் ஒரு பக்கம் காய்கறி நறுக்கவும், மறுபக்கம் ரொட்டி மாவு பிசையவும் பயன்படுகிறது. கழுவு தொட்டியில் கிணற்று நீருக்கும் மழை நீருக்கும் தனித்தனிக் குழாய்கள் உள்ளன. வீணாகும் ஒவ்வோர் அடியும் ஒரு பெண்ணின் உடல்நலத்தைத் தின்கிறது என்ற அக்கறை இந்த வரைபடமெங்கும் தெரிகிறது. அதே நூலின் இறுதிப் பகுதியில் வீடு, பள்ளி, ஆலயம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் அமைக்கும் திட்டமும் இடம்பெறுகிறது. அவருடைய இறையியல் முழுவதையும் ஒரு கட்டடமாக அங்கே காணலாம்.

ஆயினும் இச்சிந்தனையின் நடுவே ஓர் இடைவெளி உள்ளது. எந்தத் தொழிலும் இறைவனின் அழைப்பாக இருக்கலாம் என்பது சீர்திருத்தக் கிறித்தவத்தின் அழைப்புக் கோட்பாடு. அழைப்பு என்றால் அதைக் கேட்பவரின் உள்ளம் இசைய வேண்டும். பெண்ணாகப் பிறந்ததையே அழைப்பாகக் கொண்டால் இசைவுக்கு அங்கே இடமில்லை. திருமணம் செய்துகொள்ளாமல், தமக்கென ஒரு வீடும் அமைக்காமல், எழுத்தையும் பள்ளிப்பணியையும் தாமே தேர்ந்துகொண்ட கேத்தரின், பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். பிறப்பால் வரும் முன்குறிப்பைத் தந்தையின் இறையியலில் மறுத்தவர், பெண்ணின் பணி குறித்த தம் கொள்கையில் அதற்கு இடம் கொடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். வீட்டுப்பணிக்கு அவர் தேடித்தந்த மாண்பு மெய்யானது; அதைத் தன்னலத் துறவின்மேல் நிறுத்தியதுதான் பிழை, ஏனெனில் துறப்பதற்கு முதலில் ஒருவரிடம் தனக்கென ஏதேனும் இருந்தாக வேண்டும்.

அடுத்த தலைமுறையில் வேதியியலாளர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், இறையியலின் இடத்தில் நீரையும் உணவையும் ஆராயும் ஆய்வகத்தை வைத்தார். 1899இல் லேக் பிளாசிடில் தொடங்கிய மாநாடுகளின் வழியே மனையியல் ஒரு கல்வித்துறையாக வடிவம் பெற்றது. 1917இன் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வேளாண்மை, கைத்தொழில் ஆகியவற்றோடு மனையியலுக்கும் கூட்டாட்சி அரசின் நிதியை ஒதுக்கியபோது, பள்ளிகளில் சிறுவர் பட்டறைக்கும் சிறுமியர் அடுக்களைக்கும் செல்லும் வழக்கம் வேரூன்றியது. ஒருவருடைய பணியை அவர் பிறக்குமுன்பே தீர்மானிக்கும் முன்குறிப்பு, இறைவனின் பெயர் இல்லாமலேயே பாடத்திட்டத்துக்குள் நீடித்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972இல் வந்தது. மனையியல் வகுப்பைச் சிறுமியருக்கு மட்டும் எனப் பிரித்து நடத்தலாகாது என்று 1975இன் விதிகள் வெளிப்படையாக உரைத்தன.