காக்கிக்குள் ஒரு தமிழர்

வன்னியில் முறைப்பாடு கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணால் தேடுவது தமிழ் தெரிந்த ஒருவரைத்தான். அவர் இருந்தால் சொன்னது சொன்னபடி ஏறும் என்று ஒரு நம்பிக்கை. இல்லாவிட்டால் தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படும். தன்னால் வாசிக்க முடியாத வாக்குமூலத்தின் கீழே கையொப்பம் வைக்க வேண்டிவரும். தமிழ் 1987 இலேயே அரசியலமைப்பில் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் தமிழ் பேசும் உத்தியோகத்தர்களைப் பொலிஸில் சேர்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.

சரி, அப்படிச் சேர்ந்த தமிழர் யாருடைய ஆள்? முறைப்பாட்டுக்காரருக்கு அவர் 'எங்கட பிள்ளை'. பொறுப்பதிகாரிக்கு, மொழிபெயர்க்கக் கிடைத்த ஒரு கான்ஸ்டபிள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மாரிடம் பெயரும் விலாசமும் கேட்டுவர அனுப்பக்கூடிய ஆளும் அவர்தான். 2024 சிவராத்திரியன்று வெடுக்குநாறிமலைக் கோயிலில் வழிபட வந்தவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். அப்படி ஓர் இரவில் வரிசையில் நிறுத்தப்படும் தமிழ் கான்ஸ்டபிள் என்ன செய்ய வேண்டும்? மறுத்தால் வேலை போகும். கீழ்ப்படிந்தால் ஊரில் முகம் கொடுக்க முடியாது. தனியாளாக அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அவரைத் துரோகி என்பவர்களும் பாதுகாவலர் என்பவர்களும் ஒரேயளவு அநியாயம் செய்கிறார்கள். இருவருமே ஒரு நிறுவனத்தின் சுமையை ஒரு மனிதரின் தோளில் ஏற்றுகிறார்கள்.

தமிழர் தொகையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஆறுதலான எண்ணம், அவ்வளவுதான். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது பொலிஸ் மா அதிபராக இருந்த ருத்ரா ராஜசிங்கம் ஒரு தமிழர். உச்சியில் ஒருவர் இருந்தது தமிழர் மீதான அந்த வன்முறையைத் தடுக்கப் போதவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் 1948 இல் எட்டுக் கறுப்பினத்தவரைப் பொலிஸில் சேர்த்தது. வெள்ளையரைக் கைதுசெய்யும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. தலைமையகத்திலும் இடம் தரவில்லை, ஓர் இளைஞர் சங்கக் கட்டடத்திலிருந்துதான் கடமைக்குப் போனார்கள். ஆள் சேர்த்தார்கள், குரல் சேர்க்கவில்லை.

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதற்கு லண்டன் ஒரு சாட்சி. மெட்ரோபொலிட்டன் பொலிஸின் கறுப்பின உத்தியோகத்தர்கள் 1994 இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு முந்திய வருடம்தான் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவன் பஸ் தரிப்பிடத்தில் குத்திக் கொல்லப்பட்டிருந்தான். கொலையாளிகளைப் பிடிக்கவேண்டிய விசாரணையைப் பொலிஸார் சீரழித்திருந்தார்கள். அதை ஆராய்ந்த மக்பர்சன் விசாரணையின் முன் அந்தச் சங்கம் போய்ச் சாட்சியம் சொன்னது. தங்கள் சொந்த நிறுவனத்தின் பழக்கவழக்கத்துக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்றது. இன்னொன்றையும் சொன்னது, அதுதான் பெரிது: அந்தப் பழக்கம் கறுப்பின உத்தியோகத்தர்களையும் விழுங்கிவிடுகிறது, தாங்களும் அதற்கு விலக்கல்ல. 1999 இல் வெளிவந்த அறிக்கை பொலிஸில் நிறுவனமயப்பட்ட இனவாதம் இருப்பதாகத் தீர்ப்பளித்தபோது அந்தச் சாட்சியத்தை எடுத்துக் காட்டியது. ஒரு தனிக் கான்ஸ்டபிள் இதைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே தூரத்துக்கு இடமாற்றம் வந்திருக்கும். சங்கம் சொன்னதால் அது பதிவாயிற்று.

இலங்கையில் இது நடக்குமா? பொலிஸாருக்கு இங்கே தொழிற்சங்க உரிமை கிடையாது. அரசியலமைப்பின் 15(8) உறுப்புரை, ஒழுக்கத்தின் பேரில் அவர்களின் அடிப்படை உரிமைகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் தருகிறது. பிரித்தானியாவும் 1919 இலிருந்து பொலிஸ் தொழிற்சங்கங்களுக்குத் தடை போட்ட நாடுதான். அங்கே இயங்கும் கறுப்பினச் சங்கம் சம்பளத்துக்காகப் பேரம் பேசுவதுமில்லை, வேலைநிறுத்தம் செய்வதுமில்லை. ஆகவே ஒழுக்கம் கெட்டுவிடும் என்ற வாதம் நிற்காது.

இனத்தின் பெயரில் சங்கம் வந்தால் பொலிஸ் பிளவுபடும் என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். தமிழர் சார்பில் கண்ணை மூடிக்கொள்ளும் கூட்டமாக அது மாறலாம். அந்த ஆபத்தை வன்னி அறியும். விடுதலைப் புலிகள் 1991 இல் தொடங்கிய தமிழீழக் காவல்துறை கிளிநொச்சியில் தமிழிலேயே முறைப்பாடு எழுதியது; அதன் முதல் பொறுப்பாளர் நடேசன் முன்பு இலங்கைப் பொலிஸில் கான்ஸ்டபிளாக இருந்தவர். மொழிப் பிரச்சினை அங்கே தீர்ந்திருந்தது. ஆனால் அந்த அமைப்பின் மீதே முறைப்பாடு இருந்தால் எங்கே போவது என்பதற்கு விடை இருக்கவில்லை. மறுபுறம், கடமையைச் சரியாகச் செய்ய ஒரே இனமாக இருக்க வேண்டியதுமில்லை: 2017 ஜூலையில் நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனைக் காப்பாற்றப் போய்ச் சூடுபட்டு இறந்த மெய்ப்பாதுகாவலர் சரத் ஹேமச்சந்திர ஒரு சிங்களவர். அவருடைய மனைவியின் காலில் விழுந்து அந்தத் தமிழ் நீதிபதி அழுததை நாடே பார்த்தது. ஆகவே அப்படியொரு சங்கம் தமிழருக்குச் சலுகை தேடும் இடமாக இருந்தால் அது வேண்டாம். சட்டத்துக்கு மாறான கட்டளையைத் தட்டிக்கேட்கவும், பிழையான வாக்குமூலத்தைப் பிழை என்று எழுதவும், அப்படி எழுதியவரைப் பழிவாங்கலிலிருந்து காக்கவும் என்றால், அது இல்லாமல் இருப்பதுதான் அறக்கேடு. முல்லைத்தீவு நீராவியடியில் 2019 செப்டெம்பரில் நீதிமன்றக் கட்டளையை மீறிப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு பிக்குவின் உடல் எரிக்கப்பட்டது. கட்டளையை நடைமுறைப்படுத்தாத பொலிஸார் அங்கே நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் தேவைப்பட்ட நாள் அது.

ஊருக்கும் இதில் பங்கு உண்டு. வட அயர்லாந்தில் பொலிஸார் தன் விளையாட்டுகளில் சேரக்கூடாது என்ற நீண்டகாலத் தடையை, பெரும்பாலும் கத்தோலிக்கர் சேர்ந்த கேலிக் விளையாட்டுச் சங்கம் 2001 இல் நீக்கியது. பொலிஸில் சேர்ந்த ஓர் இளம் கத்தோலிக்கர் 2011 இல் ஓமா நகரில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டபோது, அதே சங்கத்தினரும் பொலிஸாரும் சேர்ந்து பிரேதத்தைச் சுமந்தார்கள். பொலிஸில் சேர்ந்தவரை ஒதுக்கிவைத்துக்கொண்டு நியாயத்தையும் எதிர்பார்க்க முடியாது என்று அந்தச் சமூகம் முடிவெடுத்திருந்தது. வன்னியில் 1970களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்ப் பொலிஸ்காரர் மீது படிந்த சந்தேகத்துக்குக் காரணங்கள் உண்டு. அதற்காக இன்று சேரும் இருபது வயதுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை.

மாகாணத்துக்குப் பொலிஸ் ஆணைக்குழு என்பது 13 ஆவது திருத்தத்தில் 1987 இலிருந்து ஏட்டில் கிடக்கிறது. அது வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ் பேசும் உத்தியோகத்தர்களின் சங்கம் ஒன்றை அங்கீகரிக்கும்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கேட்கலாம். உள்ளே இருப்பவர்களால் இப்போது வாய் திறக்க முடியாது. வன்னியின் சட்டத்தரணிகளும் சிவில் அமைப்புகளும் அந்தக் கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.