எதற்குப் பின் எது

லண்டன் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் இரவிலும் பஸ் சத்தம் அடங்குவதில்லை. மாடி அறை அலமாரியில் ஒரு சின்னக் கணினி. குடும்பப் படங்களுக்கான சர்வர். கரண்ட் போய் வந்தால் தானாக எழும். எழும்போது திரையில் ஓடும் வரிகளைப் படிப்பது எனக்குப் பிடிக்கும்.

*

கெர்னல் முதலில் எழுப்புவது எண் 1 ப்ராசஸை. மற்றவற்றை எழுப்புவது அதன் பொறுப்பு. பழைய லினக்ஸில் அந்த வரிசை கோப்பின் பெயரிலேயே இருந்தது: எஸ்10, எஸ்20, எஸ்99. எஸ் என்றால் தொடங்கு. கே என்றால் நிறுத்து. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. எண்ணைப் பார்த்தால் இடம் தெரியும், காரணம் தெரியாது. எஸ்20 ஏன் 20 என்பது வைத்தவருக்கு மட்டுமே வெளிச்சம்.

*

2000இல் வந்த நெட்பிஎஸ்டி 1.5 இயங்குதளத்தில் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தனக்கு என்ன தேவை, தான் என்ன தருகிறது என்பதைத் தன் தலைமாட்டில் எழுதி வைத்தது. வரிசையை ஆர்சிஆர்டர் என்ற நிரல் கணக்கிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2011இல், 6.0 பதிப்பில், அந்த வழிக்கு வந்தது. லண்டனில் அலுவலகம் வைத்திருக்கும் கனானிக்கல், 2006இலேயே உபுண்டுவுக்கு அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது: இன்னது நடந்தால் இன்னது எழட்டும். 2010இல் அதே வேலைக்கு சிஸ்டம்டி வந்தது. 2015இல் டெபியன், உபுண்டு இரண்டுமே அதற்கு மாறின.

*

சிஸ்டம்டியில் 'ரிக்வயர்ஸ்' என்பது தேவை. 'ஆஃப்டர்' என்பது முறை. ஒன்று மற்றொன்றைத் தானாகக் கொண்டுவராது. பந்திக்கு இலையும் வேண்டும், சோறும் வேண்டும் என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இலை முதலில் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

*

என் படங்கள் வெளி டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க் மவுன்ட் ஆகும் முன் சர்வர் எழுந்தால், அதே பெயரில் ஒரு வெற்று ஃபோல்டரைத்தான் காணும். படமே இல்லை என்று நம்பி, அதிலேயே புதிதாக எழுதத் தொடங்கும். டிஸ்க் பிறகு வந்து மேலே உட்கார்ந்ததும் எழுதியது அடியில் மறைந்துபோகும். பிழைச் செய்தி வராமலே இவ்வளவும் நடந்துவிடும். 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்ற ஒரே வரி, தேவை முறை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

*

அது வரட்டும் என்று இதுவும், இது வரட்டும் என்று அதுவும் நின்றால்? சிஸ்டம்டி அந்த வட்டத்தைக் கண்டுபிடித்து, ஒரு வேலையைக் கைவிட்டு, கைவிட்டதை லாகில் எழுதிவைக்கும். நிற்காமல் நடக்க அது கொடுக்கும் விலை இது. லாகைப் படிக்காதவருக்கு எது போனது என்றே தெரியாது.

*

அணைக்கும்போது வரிசை தலைகீழாகிறது. கடைசியில் எழுந்தது முதலில் உறங்கும். இதைத் தனியாக எழுதத் தேவையில்லை. எழும் முறையை ஒழுங்காகச் சொன்னவருக்கு அடங்கும் முறை இலவசம்.

*

வரிசை சிக்கினால் பலரும் செய்வது, ஸ்கிரிப்டில் 'ஸ்லீப் 30' என்று போடுவது. பெரும்பாலும் வேலை செய்யும். டிஸ்க் மெதுவாகச் சுழலும் நாளில் 31 விநாடி ஆகும். நேரம் என்பது ஊகம். சார்பு என்பது உண்மை. அடுத்த முறை ஸ்லீப் எழுதக் கை போனால், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேளுங்கள். அதன் பெயரை எழுதுங்கள்.